ஒன்று குறைகிறது என்று சொல்லவைத்த எங்கள் கமாண்டர் ஐயாவுக்கு

கடலுக்கு மேலே காற்றில் கால் ஊன்றி நின்றவரே! காற்றுக்கு நடுவே கயிறு இறக்கி, கரை காணாதவர்களைக் கரை சேர்த்தவரே! தள்ளாடும் கப்பலின் தளத்தில் தடுமாறாமல் தரையிறங்கிய தீரரே! முப்பத்துநான்கு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் உழைத்தவரே என்று எழுத ஆசைதான்; ஆனால் முகம் சுளித்திருக்கிறீர்கள், நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆகவே, முகம் சுளித்தாலும் முறை தவறாதவரே! "இன்னொரு தடவை எண்ணு" என்ற மூன்றே சொற்களால் எங்கள் உயிரை வாங்கி, ஊரார் உயிரைக் காத்தவரே! எங்கள் கமாண்டர் ஐயா அவர்களே!

வணக்கம்.

இந்த ஹெலிகாப்டர் கொட்டகையில் இதுவரை பதினொரு பாராட்டு மடல்கள் வாசிக்கக் கேட்டிருக்கிறேன். பதினொன்றிலும் போகிறவர் சிங்கம்தான். போன வருடம் ஓய்வு பெற்ற ஸ்டோர் அதிகாரிக்கு வாசித்த மடலில், அதற்கு முந்தின வருடம் போனவரின் பணிக்காலத்தை மாற்ற மறந்துவிட்டார்கள். அவரும் சிரித்தபடி வாங்கிக்கொண்டு போனார். வீட்டுச் சுவரில் மாட்டியும் இருப்பார். உங்களுக்கு அப்படி ஒன்றைக் கொடுத்தால் இங்கேயே நிறுத்தி, "இன்னொரு தடவை எண்ணு" என்று சொல்வீர்கள். அந்தப் பயத்தில்தான் இந்தப் பொறுப்பை, வயதில் மூத்தவன் என்ற ஒரே காரணத்துக்காக, கருவி அறையில் உட்கார்ந்திருக்கும் என் தலையில் கட்டினார்கள்.

தட்டச்சர் அம்மா அழகாக ஒரு மடல் அடித்துக் கொடுத்தார். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நேற்று நடந்தது அதில் இல்லை. அதனால் அதை மரியாதையாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இன்று காலையில் உட்கார்ந்து இதை எழுதினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையில் பிழை இருக்காது.

ஐயா அவர்களே! தளத்தின் வாசலுக்கு எதிரே சீருடை தைத்துக் கொடுத்த தையல்காரரின் மூத்த மகன் நீங்கள். ஊசியில் நூல் கோத்துக் காஜா எடுத்துப் பழகிய கைதான் பின்னாளில் ஹெலிகாப்டரின் பிடியைப் பிடித்தது. "ஒரு தையல் விட்டா சட்டை கிழிஞ்சிடாது. ஆனா விட்டது எனக்குத் தெரியுமே" என்று உங்கள் அப்பா சொல்வாராம். இதை நீங்களே எங்களிடம் நூறு தடவையாவது சொல்லியிருக்கிறீர்கள். நூறு என்றால் உத்தேசம்தான், எண்ணவில்லை.

இருபது வயதில் கடற்படையில் சேர்ந்தீர்கள். முதல் கப்பலில் முதல் மாதம் முழுக்கக் குடலைப் பிடுங்கிப் போட்டதுபோல் வாந்தி எடுத்தீர்கள். "கடல் ஒத்துக்காதவனுக்குக் கடற்படையில என்னப்பா வேலை?" என்று கப்பல் தலைவர் கேட்டார். "கடலுக்கு மேல போயிடுறேன் ஐயா" என்று நீங்கள் சொன்னீர்கள். அவர் அதை நக்கல் என்று நினைத்து இரண்டு நாள் தளம் கழுவவிட்டார். ஆனால் நீங்கள் சொன்னபடியே மேலே போனீர்கள். தீப்பெட்டி அளவில் தெரியும் கப்பல் தளத்தில், அதுவும் ஆடும் தீப்பெட்டியில், இரவிலும் புயலிலும் இறங்கினீர்கள். கவிழ்ந்த படகின் முதுகில் ஒட்டிக்கொண்டு கிடந்த நால்வரை ஒருவர் பின் ஒருவராகக் கயிற்றில் தூக்கினீர்கள். அன்று திரும்பும்போது அலை தூக்கிய தளம் சக்கரத்தை முட்ட, முன்பலகையில் இடித்துக்கொண்டதுதான் உங்கள் இடது முழங்கால். ஆறு வருடமாக, "முட்டி போடக் கூடாது" என்று மருத்துவர் சொல்லி, நீங்களும் கேட்டு நடந்து வந்தீர்கள். அந்த முழங்காலைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பயிற்சிக் காலத்தில் உங்களோடு ஒரே அறையில் தங்கி, ஒரே கண்ணாடியில் முகம் மழித்துக்கொண்ட நண்பர், ஒரு மழைநாள் காலையில் கடலுக்கு மேலே போனார். அவர் திரும்பி வரவில்லை. "காரணம் தெரியவில்லை" என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். கோப்பை மூடியவர்கள் மூடிவிட்டுப் போனார்கள்; தெரியாத அந்தக் காரணத்தோடு நீங்கள்தான் இத்தனை வருடம் குடித்தனம் நடத்தினீர்கள். எங்களைப் படுத்திய பாடெல்லாம் அங்கிருந்து வந்தது என்று எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது.

உங்களுடைய வீட்டம்மாவும், எங்களுக்கெல்லாம் அம்மாவுமாகிய அவர்களையும் இந்த மடல் வணங்குகிறது. குடியிருப்பில் எந்த நேரத்தில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டாலும் அவர் அடுப்பை அணைத்துவிடுவாராம். இரண்டு போனதா, இரண்டு வந்ததா என்று எண்ணிவிட்டுத்தான் மறுபடி பற்றவைப்பாராம். நாங்கள் ஸ்பேனரை எண்ணினோம். அவர் உங்களை எண்ணினார். இத்தனை ஆண்டுகளில் நீங்கள் பறப்பதைப் பார்க்க அவர் ஒரு தடவைகூட வந்ததில்லை. நேற்றுத்தான் வந்தார். அது கடைசிப் பறத்தல் என்பதால் வந்தார்.

நேற்றைக்குப் போகுமுன் பத்தொன்பது வருடம் பின்னால் போகவேண்டும். மன்னிக்க வேண்டும், அது என் தப்பு. ஆனால் அதைச் சொல்லாமல் உங்களைப் பாராட்ட எனக்கு வழி தெரியவில்லை.

இங்கே கூடியிருக்கும் விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். கருவி அறைச் சுவரில் பெரிய பலகை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் அதில் கறுப்பில் வரைந்திருக்கும். கருவி தொங்கினால் கறுப்பு தெரியாது. எடுத்துப்போனால் கறுப்பு தெரியும். எடுத்தவனின் எண் பொறித்த பித்தளை வில்லை அந்த இடத்தில் தொங்கும். பறப்பதற்கு முன் பலகையில் கறுப்பே தெரியக் கூடாது. தெரிந்தால் ஒரு கருவி எந்திரத்துக்குள், நாங்கள் வண்டி என்று சொல்லும் ஹெலிகாப்டருக்குள், கிடக்கிறது என்று பொருள். வானத்தில் அது உருண்டு போய் எதில் சிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அன்று காலை பத்தாம் எண் ஸ்பேனர் வரவில்லை. எடுத்த ஃபிட்டர், "எங்கயாவது இருக்கும் அண்ணே, சாயங்காலம் தரேன்" என்று போய்விட்டான். அப்போதிருந்த பெரிய அதிகாரி, ஒன்று குறைகிறது என்று சொன்னவனை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் காய்ச்சுவார். அவருக்குப் பயந்து, இழுப்பறையிலிருந்த உபரி ஸ்பேனரை எடுத்துக் கறுப்பின் மேல் மாட்டினேன். பலகை நிறைந்தது. சரக்குக் கப்பல் ஒன்றில் நெஞ்சுவலியில் கிடந்த எந்திரக்காரரைக் கொண்டுவர நீங்கள் கிளம்பிப் போனீர்கள்.

தேநீர் நேரத்தில் அந்த ஃபிட்டர் வந்து, "அண்ணே, அந்தப் பத்து உங்ககிட்ட வந்துடுச்சா? நான் வண்டியிலயே விட்டுட்டேனோன்னு பயமா இருக்கு" என்றான். டம்ளரை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. கட்டுப்பாட்டு கோபுரத்துக்கு ஓடினேன். ரேடியோவில் உங்களுக்குச் சொன்னார்கள். நீங்கள் கேட்டது ஒரே கேள்வி.

"இதை யாராவது கண்டுபிடிச்சாங்களா, அவரே சொன்னாரா?"

"அவரேதான் ஓடி வந்து சொன்னார்."

"சரி. மெதுவா வர்றேன்."

இருபத்தாறு நிமிடம். நோயாளி ஒருவர், உங்களையும் சேர்த்துப் பணியாளர் மூவர், பத்தாம் எண் ஸ்பேனர் ஒன்று. திருப்பத்தில் திருப்பாமல், காற்றில் உலுக்காமல், நிறைந்த குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பதுபோல் வந்து இறங்கினீர்கள். மூடியைத் திறந்தபோது, கட்டுப்பாட்டுக் கம்பிக்கு இரண்டு விரல் தள்ளிக் கிடந்தது அது.

எனக்கு வேலை போய்விட்டது என்றுதான் நின்றிருந்தேன். நீங்கள் கருவி அறைக்கு வந்து எனக்கு எதிரே கவிழ்த்துப் போட்ட பெட்டியில் உட்கார்ந்தீர்கள்.

"ஏன் காலையிலயே சொல்லல?"

"திட்டுவாங்கன்னு ஐயா."

"திட்டுக்குப் பயந்தா நாலு பேரக் கொல்லப் பாத்தீங்க?"

"ஆமா ஐயா."

எழுந்து போனீர்கள். பெரிய அதிகாரியோடு ஒரு வாரம் மல்லுக்கு நின்று இரண்டு விதிகளை வாங்கி வந்தீர்கள். முதல் விதி: ஒன்று குறைகிறது என்று சொன்னவரை யாரும் திட்டக் கூடாது, மறைத்தவருக்கு இங்கே இடம் இல்லை. இரண்டாவது விதி எனக்கு மட்டும்: பழுது பார்த்த எந்திரத்தைச் சோதித்துப் பறக்கும்போது, எண்ணியவனே பின் இருக்கையில் ஏறி உட்கார வேண்டும். ஆறு மாதம்! ஒரு தளவாயைப்போல் என்னை ஏற்றி, ஒரு கோணிப்பையைப்போல் இறக்கினீர்கள். கண்ணைத் திறந்து கடலைப் பார்க்க எனக்கு நான்கு மாதம் ஆனது. அதற்குப் பிறகு ஒரு நாளும் ஒரு தடவை மட்டும் எண்ணியதில்லை.

இனி நேற்றைய நாள்.

ஐயாவின் பறக்கும் தகுதிச் சான்று நேற்றோடு முடிந்தது என்பது எங்கள் அனைவருக்கும் தெரியும். நேற்றுப் பறக்காவிட்டால் இனி வாழ்நாளில் அந்த இருக்கையில் உட்கார முடியாது. இரண்டு மணிக்குக் கிளம்பி, அரை மணி நேரம் கடலைச் சுற்றிவிட்டு, இந்தக் கொட்டகைக்கு முன்னால் இறங்குவது என்று ஏற்பாடு. பின் இருக்கையில் என்னை உட்காரச் சொல்லியிருந்தீர்கள். வரிசையாக நாற்காலி போட்டிருந்தோம். அம்மா முதல் நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உங்கள் மகள் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று நாற்பதுக்குப் பலகையை எண்ணினேன். ஒரு கறுப்பு தெரிந்தது. இடுக்குகளைப் பார்க்கும் சின்ன வட்டக் கண்ணாடி. நீளும் பிடி வைத்தது, பேனா கனம். மீசைக்கார ஃபிட்டரின் வில்லை தொங்கியது. இன்னொரு தடவை எண்ணினேன். மூன்றாம் தடவையும் எண்ணினேன். கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

மறைக்காமல் சொல்கிறேன் ஐயா. இழுப்பறையில் காகிதம் பிரிக்காத புதுக் கண்ணாடி ஒன்று இருந்தது. என் கை இழுப்பறையின் பிடிவரைக்கும் போனது. வெளியே நீங்கள் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மகளோடு புகைப்படத்துக்கு நின்றீர்கள். இத்தனை வருடத்தில் நீங்கள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். இந்தச் சிரிப்பை நான் கெடுக்க வேண்டுமா என்று நின்றேன். நான் சொன்னால் உங்கள் கடைசிப் பறத்தல் போனது. சொல்லாவிட்டால் என்ன போகும் என்று பத்தொன்பது வருடத்துக்கு முன்னாலேயே பார்த்தாகிவிட்டது.

வெளியே வந்து சொன்னேன். "ஒன்னு குறையுது ஐயா."

"உன் உயிருக்குப் பயந்துதானே சொன்னாய், நீயும் ஏற வேண்டியிருந்ததே" என்று நேற்று மாலை சிலர் கேலி செய்தார்கள். இருக்கலாம். அதற்காகத்தானே ஐயா அந்த விதியைப் போட்டார்.

உங்கள் சிரிப்பு நின்றது. ஆனால் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை நீங்கள். தலைக்கவசத்தை மகள் கையில் கொடுத்துவிட்டு, "எல்லாத்தையும் நிறுத்து. தேடு" என்றீர்கள்.

அடுத்துப் பொறுப்பேற்க வந்திருக்கும் இளைய கமாண்டரும் இங்கே முன்வரிசையில் இருக்கிறார். அவர் கோபித்துக்கொண்டாலும் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். அவர் நல்ல மனதோடுதான் கேட்டார்.

"ஐயா, பக்கத்துல ஒரு வண்டி ரெடியா நிக்குதே. அதுல ஒரு சுத்து போயிட்டு வந்துடலாமே?"

"அது மீட்புக்கு நிக்குது. நான் ஊர் சுத்தப் போன நேரத்துல யாராவது முழுகினா?"

"அரை மணி நேரம்தானே ஐயா."

"முழுக மூணு நிமிஷம் போதும் தம்பி."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தேடினோம். ஒரு மூடியைத் திறந்தோம், இல்லை. அடுத்ததைத் திறந்தோம், இல்லை. பதினான்கு மூடிகளைத் திறந்தோம். மீசைக்காரர் கண்ணீர் விடாத குறையாக, "வண்டியோட படிக்கட்டு மேல வெச்சேன், சத்தியமா அங்கதான் வெச்சேன். திரும்பிப் பாத்தா காணோம்" என்றார். நான் அவரை நம்பவில்லை. என் வேலையே நம்பாத வேலை. அவர் உடுப்பின் பைகளை வெளியே இழுத்துப்போடச் சொன்னேன். பிறகு அங்கிருந்த பதினேழு பேரின் பைகளையும் பார்த்தேன். இளைய கமாண்டரின் பையையும் விடவில்லை. ஒரு சீப்பு, மூன்று மிட்டாய், பல் குத்தும் குச்சிகள் என்று வந்ததே தவிர, கண்ணாடி வரவில்லை. மணி மூன்றானது, நான்கானது. ஆறு பத்துக்குச் சூரியன் மறையும். அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நீங்கள் எந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தபோதெல்லாம் அவர் கண்ணும் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு கட்டத்தில் என்னைக் கூப்பிட்டு, "பெரியவரே, இவ்வளவு நாளும் இப்படித்தானா?" என்று கேட்டார். "தினமும் இப்படித்தாம்மா" என்றேன். "இது தெரிஞ்சிருந்தா நான் அடுப்ப அணைச்சிருக்கவே மாட்டேனே" என்றார். நீங்கள் வாங்கிய பதக்கங்களின் பட்டியல் தட்டச்சர் அம்மா அடித்த மடலில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இந்த ஒரு வரியைக் காணோம்.

ஐந்து மணிக்கு மேல் உங்களுக்குப் பொறுமை போனது. எந்திரத்தின் அடிவயிற்றை நீங்களே பார்க்க வேண்டும் என்றீர்கள். "முட்டி போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே" என்று அம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தார். ஆறு வருடமாகக் காப்பாற்றிய முழங்காலை மடக்கித் தரையில் ஊன்றினீர்கள்.

நொறுக்கென்று ஒரு சத்தம்.

முழங்கால் போய்விட்டது என்றுதான் பதினேழு பேரும் பாய்ந்தோம். நீங்கள் கையை உயர்த்தி எங்களை நிறுத்தினீர்கள். பறக்கும் உடுப்பின் இடது முழங்கால் பையைத் திறந்து, கையுறைக்கும் சரிபார்ப்புத் தாள்களுக்கும் அடியிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்தீர்கள். நொறுங்கிப் போயிருந்தது.

படிக்கட்டின் மேல் ஒரு பொருள் கிடந்தால் உங்கள் கை சும்மா இருக்காது. எந்திரத்தின் மேல் எதையும் விட்டுவைக்கக் கூடாது என்று முப்பத்துநான்கு வருடம் பழகிய கை. எடுத்துப் பையில் போட்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து மகள், "அப்பா, இங்க பாருங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள். அவ்வளவுதான்.

நீங்கள்தான் முதலில் பேசினீர்கள். "என்கிட்டதான் இருந்திருக்கு."

மீசைக்காரர் பெருமூச்சு விட்டு, "நாலு மணி நேரமா என்னைத் திருடன் மாதிரி பாத்தாங்க ஐயா. இப்ப உங்களைத் திட்டலாம்னா சொன்னவரைத் திட்டக் கூடாதுன்னு விதி வேற போட்டு வெச்சிருக்கீங்க" என்றார். கொட்டகையே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள்.

"பதினேழு பேர் பையைப் பாத்தீங்க. என் பையை ஏன் பாக்கல?"

"ஐயா பையை எப்படிங்க ஐயா..."

"அதான் தப்பு. என் தப்பு ஒன்னு, உங்க தப்பு ஒன்னு. ரெண்டையும் எழுதணும்."

கமாண்டர் ஐயா அவர்களே! யாரையும் நம்பாதவன் என்று பெயர் எடுத்தவன் நான். பெண்டாட்டி கொடுக்கும் சாவிக்கொத்தைக்கூட எண்ணித்தான் வாங்குவேன். அப்படிப்பட்ட நான் இந்தத் தளத்தில் ஒரே ஒருவரை எண்ணாமல் நம்பினேன். காணாமல் போன பொருள் அந்த ஒரே இடத்தில்தான் இருந்தது. இதைவிடப் பெரிய பாராட்டும் எனக்குத் தெரியாது, இதைவிடப் பெரிய தவறும் எனக்குத் தெரியாது.

மணி ஐந்து இருபது. இன்னும் ஐம்பது நிமிட வெளிச்சம் இருந்தது. "மூடியெல்லாம் போட்டுட்டு, பத்து நிமிஷமாவது தூக்கி இறக்கிடுங்க ஐயா" என்று நாங்கள் கெஞ்சினோம். பொய் சொல்வானேன், நானும் கெஞ்சினேன். நீங்கள் கைக்குட்டையைத் தரையில் விரித்து, உடைந்த கண்ணாடித் துண்டுகளை வட்டமாக அடுக்கச் சொன்னீர்கள். ஆறு துண்டுகளைப் பொருத்தினோம். ஓரத்தில் அரிசி அளவுக்கு ஓர் இடைவெளி தெரிந்தது. மறுபடியும் ஒன்று குறைந்தது! தரையைத் துழாவினோம், பையைக் கவிழ்த்தோம். கடைசியில் அம்மா எழுந்து வந்து, உங்கள் முழங்காலில் பரவியிருந்த சிவப்புப் பொட்டைப் பார்த்து, துணியில் குத்தி நின்ற துண்டைத் தன் நகத்தால் எடுத்துக் கைக்குட்டையில் வைத்தார். வட்டம் நிறைந்தது. அப்போது வெளியே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. திறந்த பதினான்கு மூடிகளில் மூன்றுதான் மூடியிருந்தோம்.

பழுதுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி உங்கள் கையாலேயே எழுதினீர்கள். அதை இங்கே அப்படியே வாசிக்கிறேன். "பார்வைக் கண்ணாடி ஒன்று. கிடைத்த இடம், என் இடது முழங்கால் பை. வைத்தவர், நான். பைகளைப் பார்ப்பது இனி மேலதிகாரியிலிருந்து தொடங்க வேண்டும். பறத்தல் ரத்து." அதற்குக் கீழே கையொப்பம், தேதி.

கடைசி நாளில் பறந்த நேரத்தை எழுதுவதற்காகத் தட்டச்சர் அம்மா புதுப் பேனா வாங்கி வைத்திருந்தார். அந்தப் பேனாவால்தான் இதை எழுதினீர்கள்.

அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை வருஷத்துல முதல் தடவையா இருட்டறதுக்கு முன்னால வீட்டுக்கு வர்றீங்க" என்றார். நீங்கள் எந்திரத்தைத் திரும்பிப் பார்த்தீர்கள். நாங்கள் அனைவரும் வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றோம். அந்தப் பார்வையை வர்ணிக்க எனக்குத் தமிழ் போதாது, போதுமென்றாலும் எழுதமாட்டேன்.

வானில் வழுவாத வல்லவரே! வழுவியபோது வாய்விட்டுச் சொன்ன நல்லவரே! அரை மணி நேரம் பறந்து இறங்கியிருந்தால் எங்களுக்கு ஒரு புகைப்படம் மிஞ்சியிருக்கும். பறக்காமல் போனதில் எங்களுக்கு ஒரு விதி மிஞ்சியிருக்கிறது. அது போதுமா என்று கேட்டால், உங்கள் முகத்தைப் பார்த்துப் போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னால்தான் நீங்கள் பறக்கவில்லை. வேறு எவர் சொல்லி மன்னித்தாலும் அது எனக்கு உறுத்தும். நீங்கள் நேற்று வாசலில் என் தோளைத் தட்டி, "இன்னிக்கு நீங்க சொல்லாம இருந்திருந்தா, பத்தொன்பது வருஷம் வீணாப் போயிருக்கும்" என்றதால் இன்று இதை வாசிக்க நிற்கிறேன்.

எங்களுக்குக் கவலை இருக்கிறது ஐயா. பாராட்டு மடலில் கவலையைச் சொல்லக் கூடாது என்பார்கள். நாளை காலையில் இந்தக் கொட்டகையில் எந்திரம் உறுமும். வானிலை நெருக்கும், மேலிடம் அவசரப்படுத்தும். அப்போது "இன்னொரு தடவை" என்று சொல்ல யார் இருப்பார்கள்? பலகையில் எழுதிய விதியைப் பெயிண்ட் காக்காது, சொல்கிற வாய்தான் காக்கும். இளைய கமாண்டர் இன்று காலை ஏழரைக்கே கருவி அறைக்கு வந்தார். நான் கேட்காமலேயே தன் பைகளை வெளியே இழுத்துக் காட்டிவிட்டு, "எண்ணிட்டீங்களா பெரியவரே?" என்றார். எண்ணிவிட்டேன் என்றேன். "இன்னொரு தடவை எண்ணுங்க" என்றார். எனக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. ஆனால் ஒரு காலையை வைத்து ஆளை நம்பிவிடக் கூடாது. பார்க்கலாம்.

நீங்களும் அம்மாவும், இனி எந்தச் சத்தத்துக்கும் அடுப்பை அணைக்காமல், ஆற அமரச் சாப்பிட்டு, முழங்கால் வலியின்றி மாடியேறி, மகளின் பிள்ளைகளையும் "இன்னொரு தடவை" என்று படுத்தி எடுத்து, நூறாண்டு நோயின்றி நிறைவாக வாழ வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறோம். கடலைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். பறக்கவிட முடியாது, கருவி அறையில் கவிழ்த்துப் போட்ட அந்தப் பெட்டி உங்களுக்காகக் கிடக்கும்.

இந்த மடலின் சட்டத்துக்கு வைத்த கண்ணாடியை மீசைக்காரர் மூன்று தடவை பார்த்துவிட்டார், கீறல் இல்லை. இதை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டுமுன், நீங்களே எழுதிய விதிப்படி, உங்கள் பைகளைக் காட்டிவிட்டுப் போகவேண்டும். நான்தான் பார்ப்பேன். எல்லார் முன்னாலும் பார்ப்பேன்.

அதில் ஒன்றும் இருக்காது என்று தெரியும். ஆனாலும் கணக்கு நேராகாது. நாளை காலை ஏழரைக்கு வாசலில் நின்று தலைகளை எண்ணுவேன். இன்னொரு தடவையும் எண்ணுவேன்.

ஒன்று குறைகிறது, ஐயா. விதிப்படி சொல்லிவிட்டோம். திட்டாதீர்கள்.

இங்ஙனம்,
ஹெலிகாப்டர் கொட்டகை ஊழியர்கள் முப்பத்தொரு பேர்
(எண்ணியவர்: கருவி அறைக்காரர். இன்னொரு தடவை எண்ணியவர்: மீசைக்காரர்.)